52க்கு 58: ஒரு மோட்டார் சைக்கிளின் பூர்வீகம்



யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளிலே பெரும்பாலும் ஒரு கொட்டில் இருக்கும். ஓட்டை வாளி, கால் ஒடிந்த வாங்கு, காய்ந்த பனையோலைக் கட்டு என்று வீட்டுக்கு வேண்டாதவை எல்லாம் அங்கே போய்ச் சேரும். எங்கள் பெரியப்பாவின் கொட்டிலில் இவற்றுக்கெல்லாம் பின்னால், உரச் சாக்கால் மூடப்பட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. அது ஒரு பி.எஸ்.ஏ. பான்டம். பெற்றோல் தாங்கியின் பக்கத்தில் கூவுகின்ற சேவல் ஒன்றின் படம் அரைவாசி அழிந்து கிடந்தது. பெரியப்பா காலமாகிப் பல வருடங்களாகியும் அதை விற்க அவருடைய பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. ஓட்டவும் முடியவில்லை.

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவன், அதைத் திருத்தி ஓடவைத்தே தீருவது என்று நின்றான். "பக்டரியிலை இருந்து வந்த நாளிலை எப்பிடி இருந்துதோ அப்பிடியே வரவேணும் அண்ணை. எல்லாம் ஒரிஜினலா இருக்கவேணும்" என்பது அவனுடைய கட்டளை. அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்தான் என்னை இந்த மோட்டார் சைக்கிளின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெரியப்பா காலத்திலேயே இந்த வண்டியைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் வந்து சேருமுன்பே தம்பி ஆவலோடு கிக்கரில் கால் வைத்துவிட்டான். "உதையாதேங்கோ தம்பி! இறுகிக் கிடக்கிறதை உதைச்சால் றிங் உடைஞ்சு போம்" என்று படலையில் நின்றே அவர் சத்தம் போட்டார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நெடுங்காலம் ஓடாது நின்ற இயந்திரத்தில் ஈரம் புகுந்து, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பலவந்தப்படுத்தினால் வளையம் உடையும். உடைந்த துண்டு சுவரைக் கீறும். ஆகவே பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாக மெல்லிய எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம்.

எண்ணெய் ஊறுகின்ற நாட்களில் மற்ற வேலைகள் நடந்தன. தாங்கியில் கிடந்த பழைய பெற்றோல் வற்றிப் பிசின்போலப் படிந்து, கார்புரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைத்திருந்தது. மக்னற்றோவுக்குள் பொறி பிறக்கச் செய்யும் முனைகள் களிம்பேறியிருந்தன. றப்பர் சீல்கள் கல்லாய் இறுகிக் கிடந்தன. இது 'ரூ ஸ்ட்ரோக்' இயந்திரம். பெற்றோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் வந்து, அங்கிருந்தே மேலே தள்ளப்படுகின்றது. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். சீல் கெட்டால் எத்தனை தரம் உதைத்தாலும் பயனில்லை.

நான்காம் நாள் கியரில் போட்டுப் பின்சில்லை மெல்ல உருட்டியபோது பிஸ்டன் அசைந்தது. சிலிண்டரைக் கழற்றி, தேய்வு காணாத அடிப்பகுதியில் மெக்கானிக் அளவெடுத்தார். குறுக்களவு 52 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 58 மில்லிமீற்றர். கொள்ளளவு 123 சீ.சீ. நேயர்களே, 52, 58 என்ற இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் தொலைந்த பிள்ளையை உடம்பிலுள்ள மச்சத்தைக் கொண்டு அடையாளம் காண்பார்கள் அல்லவா? இவை இந்த இயந்திரத்தின் மச்சங்கள்.

பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாம் சிறு ஆயுத நிறுவனத்தைக் குறிக்கும் எழுத்துக்கள். 1861 ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. அதன் இலச்சினையில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும். 1910 ஆம் ஆண்டளவில் அது மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. ஆகவே எங்கள் கொட்டிலில் நின்றது ஒரு சுத்தமான ஆங்கிலேய வண்டி என்றே தம்பியும் நானும் எண்ணியிருந்தோம். ஆனால் அந்த மச்சங்களைப் பின்தொடர்ந்து போனால் பேர்மிங்ஹாமில் நிற்க முடியாது. ஜேர்மனியின் சாக்சனிப் பிரதேசத்திலுள்ள சோப்பாவ் என்ற சிறு நகரத்துக்குப் போகவேண்டும்.

சோப்பாவில் டி.கே.டபிள்யூ. என்ற நிறுவனத்தை நடத்தியவர் ராஸ்முசென் என்ற டென்மார்க் நாட்டவர். 1920களின் இறுதியில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையாக அது விளங்கியது. 1932 இல் அவுடி, ஹோர்ஹ், வாண்டரர் ஆகிய மூன்றோடும் டி.கே.டபிள்யூ. இணைந்தது. இன்றும் அவுடிக் கார்களின் முகப்பில் காணப்படும் நான்கு வளையங்களில் ஒன்று இந்த டி.கே.டபிள்யூ.வைக் குறிப்பதாகும்.

அக்காலத்து ரூ ஸ்ட்ரோக் இயந்திரங்களில் ஒரு குறை இருந்தது. உள்ளே வருகின்ற புதிய கலவை, எரிந்த புகையோடு சேர்ந்து தானும் வெளியேறிவிடும். அதைத் தடுக்கப் பிஸ்டனின் தலையில் ஒரு மேடு வைப்பார்கள். பாரமும் சூடும் கூடும். ஷ்னூர்லே என்ற ஜேர்மன் பொறியியலாளர் வேறு வழி கண்டார். கலவை வரும் இரண்டு வாயில்களையும் சரிவாக அமைத்து, அது எதிர்ச்சுவரில் மோதி, மேலே எழுந்து, வளைந்து திரும்பி வந்து புகையை வெளியே தள்ளும்படி செய்தார். மேடு தேவையில்லை, பிஸ்டன் தட்டையாகிவிட்டது. இந்த முறையைக் கொண்டு, ஹெர்மன் வேபர் என்ற பொறியியலாளரின் தலைமையில், 1939 இல் ஆர்.ரி. 125 என்ற சிறிய மோட்டார் சைக்கிளை டி.கே.டபிள்யூ. வெளியிட்டது. அதன் சிலிண்டர் 52க்கு 58.

அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆர்.ரி. 125 ஜேர்மன் படைக்குப் போனது. மறுபுறத்தில் பி.எஸ்.ஏ., பிரித்தானியப் படைக்கு ஆயுதங்களும் எம்.20 என்ற மோட்டார் சைக்கிள்களும் செய்துகொண்டிருந்தது. 1940 நவம்பர் 19 ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் பேர்மிங்ஹாமிலிருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின்மீது குண்டு வீசின. வேலையில் நின்ற 53 தொழிலாளர் இடிபாடுகளுக்குள் மாண்டனர்.

1945 இல் போர் முடிந்தது. தோற்ற நாட்டின் காப்புரிமைகளும் வரைபடங்களும் வென்றவர்களின் கைக்குப் போர் இழப்பீடாக வந்தன. சோப்பாவ் சோவியத் படைகளின் வசமாகியது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றி ஏற்றப்பட்டன. 1946 இலேயே ஆர்.ரி. 125, மொஸ்க்வா என்ற பெயரில் மொஸ்கோவில் தயாராகியது. 1951 இல் அந்த உற்பத்தி மின்ஸ்க் நகருக்கு மாறியது. அந்த மின்ஸ்க் வண்டிகளின் வழிவந்தவை பின்னாளில் வியட்நாமின் மலைப்பாதைகளில் மூட்டை சுமந்தன. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 1948 ஆம் ஆண்டுக்கான மாதிரிகளுள் ஒன்றாக இதையே செய்தது. போலந்தும் செய்தது. பிளவுண்ட ஜேர்மனியின் இரு பகுதிகளும் தத்தம் ஆர்.ரி. 125ஐத் தனித்தனியே செய்தன. பிரித்தானியாவில் அது பி.எஸ்.ஏ.வுக்குக் கிடைத்தது. 53 பேரைப் பறிகொடுத்த தொழிலாளர்கள், எட்டு வருடங்களின் பின், எதிரியின் வரைபடத்தை மேசையில் விரித்து வேலை செய்தார்கள்.

அவர்கள் அதை அப்படியே எடுக்கவில்லை. மில்லிமீற்றரில் இருந்த திருகாணிகளை அங்குல அளவுக்கு மாற்றினார்கள். ஜேர்மன் வண்டியில் கியர்க் கோல் இடப்பக்கம் இருந்தது. ஆங்கிலேயர் வலக்காலால் கியர் மாற்றிப் பழகியவர்கள். ஆகவே இயந்திரம் முழுவதையும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல, வலம் இடமாக மாற்றி வரைந்தார்கள். 1948 இல் வெளிவந்த அந்த வண்டிக்குப் பான்டம் என்று பெயர் சூட்டி, இளம் பச்சை நிறம் பூசினார்கள். பான்டம் என்பது குள்ளச் சேவல். அந்தச் சொல்லும்கூட ஆங்கிலேயருடையதன்று; ஜாவாத் தீவின் பண்டென் துறைமுகத்திலிருந்து வந்தது. தந்திச் சேவகர்களிலிருந்து ஆசிரியர்கள்வரை அதில் போனார்கள். 1971 இல் உற்பத்தி நின்றபோது 350,000க்கும் அதிகமான பான்டம்கள் வெளிவந்திருந்தன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. மூல வண்டியை உருவாக்கிய ஹெர்மன் வேபரைப் போரின் பின்னர் சோவியத் யூனியனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் வீடு திரும்பவில்லை. அங்கேயே 1948 இல் காலமானார். பேர்மிங்ஹாமில் சேவல் கூவத் தொடங்கியதும் அதே வருடந்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. 1955 இல் ஜப்பானில், பியானோவும் ஓர்கனும் செய்துவந்த யமஹா நிறுவனம் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. செந்தும்பி என்று செல்லப்பெயர் பெற்ற அதன் சிலிண்டரும் 52க்கு 58. சோப்பாவிலோ, பழைய தொழிற்சாலையில் எம்.இசட். என்ற நிறுவனம் தோன்றியிருந்தது. அங்கே வால்டர் காடன் என்பவர் ரூ ஸ்ட்ரோக் இயந்திரத்தைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு செப்பனிட்டார். அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961 இல் சுவீடனில் நடந்த பந்தயத்தோடு கிழக்கு ஜேர்மனியைத் துறந்து, அந்த நுட்பங்களோடு சுசுக்கியிடம் போய்ச் சேர்ந்தார். மறுவருடமே 50 சீ.சீ. உலகப் பட்டம் சுசுக்கிக்குக் கிடைத்தது. பி.எஸ்.ஏ.யோ ஜப்பானிய வண்டிகளின் போட்டிக்கு முகங்கொடுக்க முடியாமல் 1973 இல் வீழ்ந்தது.

இவ்வளவையும் நான் தம்பிக்குச் சொல்லி முடித்தபோது, அவன் இங்கிலாந்திலிருந்து வருவிக்கவேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தான். பட்டியலின் முதலில் இருந்தது கார்புரேற்றர். "இதைப் பாருங்கோ அண்ணை. ஆரோ ஓட்டை போட்டுக் கெடுத்து வைச்சிருக்கினம்" என்றான். கார்புரேற்றரின் பக்கத்தில் ஒரு துளையிட்டு, விரற்கடை நீளமான பித்தளைக் குழாய் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் சிரித்தார். "ஆரோ இல்லைத் தம்பி, நான்தான்" என்றார்.

வடபகுதியில் வாழ்ந்த நேயர்களுக்கு அந்தக் குழாயின் கதையை விளக்கத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் பொன்னிலும் அரிதாகியது. மண்ணெண்ணெயும் அளந்தே கிடைத்தது. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்து, குழாய் வழியே சில துளிகளை மட்டும் கார்புரேற்றருக்குள் விட்டு இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் வேலையைப் பொறுப்பேற்கும். வெண்புகை தெருவை மறைக்கும். பெற்றோலில் மட்டும் ஓடவென்று செய்யப்பட்ட வண்டிகள் மண்ணெண்ணெயில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடின. இதற்கு வரைபடம் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. அதைச் செய்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

"புதுசு வேணுமெண்டால் போடுங்கோ தம்பி, பிழையில்லை. ஆனால் உந்தக் குழாய் இல்லாட்டி உங்கடை ஐயாவின்ரை சைக்கிள் அப்பவே பழைய இரும்புக்குப் போயிருக்கும்" என்றார் மெக்கானிக், கையைச் சாக்கில் துடைத்தபடி.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளே ஒரிஜினல் என்றால், அந்த நாளில் அது ஜேர்மன் வண்டியொன்றின் கண்ணாடிப் பிம்பம். வடிவத்தை மாற்றிய ஆங்கிலேயரின் கைவேலை வரலாறு என்றால், துளையிட்ட எங்கள் மெக்கானிக்கின் கைவேலை மட்டும் எப்படிக் கேடாகும்? பழையதைப் புதுப்பிக்கப் புறப்படுபவர்கள், எதைச் சேர்ப்பது என்று யோசிக்குமுன் எதை அழிக்கிறோம் என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. துருவைச் சுரண்டுகின்ற அதே கை, அந்தத் துருவோடு வாழ்ந்தவர்களையும் சேர்த்துச் சுரண்டிவிடக்கூடும்.

இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தோம். உயிருக்கு உத்தரவாதம் தரவேண்டிய பிறேக், ரயர், கேபிள், சீல்கள், பிஸ்டன் வளையங்கள் எல்லாம் புதிதாக வந்தன. தாங்கிக்கு நிறம் பூசவில்லை. அரைச் சேவல் அரைச் சேவலாகவே இருக்கிறது. கார்புரேற்றரைக் கழுவி அதையே பூட்டினோம். பித்தளைக் குழாயின் வாயை ஒரு சிறு றப்பர் மூடியால் அடைத்தார் மெக்கானிக்.

பெற்றோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றி, மூன்றாம் உதைக்கு அது பிடித்தது. நீலப் புகை கொட்டிலை நிறைத்தது. குசினி வாசலில் நின்ற பெரியம்மா, கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். "உவர் வாறார் எண்டு இந்தச் சத்தத்திலைதான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவன்" என்றார். தம்பி அன்று மாலையே, சாமான் பட்டியலில் கார்புரேற்றர் என்ற முதல் வரியை வெட்டிவிட்டான்.