ஆணி இல்லாத படகு

வினைத்தொகைக்கு உதாரணம் கேட்டால் மாணவர் பலரும் 'ஊறுகாய்' என்பர். திருகோணமலைக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கும் நான் 'கட்டுமரம்' என்பேன். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கின்றன. தொழிலும் அவ்வாறே. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவிடுவார்கள். மீண்டும் கடலுக்குப் போகையில் கட்டுவார்கள்.

அவிழ்க்கக்கூடிய கட்டு, அலையின் திடீர் அறையைத் தாங்குமா? ஆணியல்லவா உறுதி?

இதற்கு விடை சென்னைக் கரையில் இருக்கிறது. அங்கே துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைசேர, புரண்டு உடையும் அலைவரிசைகளைக் கடக்க வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் ஆணியடித்த சிறுபடகுகளுக்கு அது ஆபத்தான வழி. அதனைக் கடந்தது கரையோர மக்களின் மசூலாப் படகு. பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்தது. உள்ளே விலாச்சட்டம் கிடையாது.

காரணம் எளிது. ஆணி அசையாது. அடிவிழுந்தால் விசை முழுவதும் ஆணித்துளையில் குவியும், பலகை பிளக்கும். உப்புநீரில் இரும்பு துருவும் பிடிக்கும். தையலோ சற்று நெகிழும். அடியைத் தன் நீளமெங்கும் பகிர்ந்துகொள்ளும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் இதனைக் குறித்திருக்கிறார்: ஆணியடித்த மரக்கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்தது நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் கருத்து. அவருக்கு முன்வந்த மார்க்கோ போலோவோ, ஓர்முஸ் துறையில் கண்ட தைத்த கப்பல்களை ஆபத்தானவை என்று பழித்தார். இருவர் சொல்லிலும் உண்மையுண்டு. தையலில் நீர் கசியும். ஓயாது இறைக்க வேண்டும். கயிறு தேய்ந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பீரங்கி சுமக்கும் பெருங்கப்பலுக்கு அது உதவாது. கரையில் உடையும் அலைக்கு அதுவே ஏற்றது.

இதில் எமக்கென்ன உரிமை? சொல்கிறேன். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு குறிப்பு உண்டு. மசூலாப் படகுகள் ஹல்மில்ல மரத்தால், அதாவது எமது சாவண்டலையால், செய்யப்பட்டன. ஏற்றுமதியான துறையின் பெயராலே சென்னையில் அதனைத் 'திருகோணமலை மரம்' என்றனராம். இயற்கைத் துறைமுகம் வாய்த்த எமது ஊர், துறைமுகம் இல்லாத ஊருக்கு அலைகடக்க மரம் கொடுத்திருக்கிறது! பின்னர் சென்னையில் கட்டிய துறைமுக மதில்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது.

டெனன்ட் மரத்தின் பெயரை எழுதினார். மரம் தறித்தவர், பலகை தைத்தவர் பெயர்கள் அக்குறிப்பில் இல்லை. இன்று எமது கரையில் கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. கடற்றொழில் செய்த முதியவர் வீட்டில் இருந்தால், கட்டுமரம் கட்டிய விதத்தையும் ஒவ்வொரு முடிச்சின் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள். என் மாணவருக்கு இவ்வாரம் கொடுத்த வீட்டுவேலையும் அதுவே.