சொல்லிவிட்டுப் பறிப்பதும் பறிக்காமல் இருப்பதும்

2024 மார்ச் 31ஆம் தேதி யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியது. 2014இல் வெளிவந்த அந்த விளையாட்டில், தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் இணைப்பு கட்டாயம். அதனால், காசு கொடுத்து வட்டு வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. நுகர்வோர் காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் பொருளை நிறுவனம் பறித்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அந்த ஆண்டே இரண்டு இடங்களில் இரு வகையான பதில்கள் எழுந்தன.

கலிஃபோர்னியாவின் பதில் ஏபி 2426 என்ற சட்டம். சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி இர்வின் கொண்டுவந்தார். செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் ஒப்பமிட்டார். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரமாகப் பதிவிறக்கி, இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை அக்டோபரிலேயே அப்படியொரு அறிவிப்பைப் போட்டுவிட்டது. விற்பவருக்கு ஆகும் செலவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் மக்களே இறங்கினார்கள். யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்திலிருந்து, 2024 ஜூலை 31 அன்று ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி ஒன்று கையெழுத்துக்கு வந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் பதிலைப் பெற, ஓராண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும். குறைந்தது ஏழு நாடுகளில் தனித்தனி வரம்பும் தாண்ட வேண்டும். 2025 ஜூனில் பாதியளவிலேயே தேங்கிக் கிடந்தது. தோற்றுவிடுவோம் என்று ஸ்காட்டே வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் மற்ற யூடியூபர்கள் கைகொடுத்தார்கள். ஜூலை தொடக்கத்தில் 10 லட்சமும், முடிவில் 14 லட்சமும் தாண்டியது. அவ்வளவு பேர் கேட்டது மிக எளியது: சர்வரை என்றென்றும் நடத்த வேண்டாம், நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள்.

கலிஃபோர்னியாச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பொய்யான விற்பனையை அது தடுக்கிறது. ஆனால் பறிக்கும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது; முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விரும்பிய விளையாட்டு அந்த ஒரு நிபந்தனையோடுதான் கிடைக்கும் என்றால், அறிவிப்பைப் படித்தவர் வேறு எதைத் தேர்ந்தெடுக்க முடியும்? பொறுப்பு விற்பவர் தோளிலிருந்து வாங்குபவர் தோளுக்கு மாறுகிறது. ஐரோப்பியக் கோரிக்கையோ விளையாட்டை உருவாக்கும் முறையிலேயே கைவைக்கிறது. எதிர்ப்பு பலமாக இருப்பது அதனால்தான். ஆடுபவர்களே நடத்தும் தனியார் சர்வர்கள் எல்லாச் சூழலிலும் சாத்தியமாகாது, செலவும் கட்டுப்படியாகாது என்கிறது தொழில்துறை அமைப்பான 'வீடியோ கேம்ஸ் யூரோப்'. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி ஆடும் விளையாட்டுகளில் அது உண்மையான சிக்கல்தான். ஆனால் 'தி க்ரூ 2' விளையாட்டுக்கு யுபிசாஃப்டே பின்னர் ஆஃப்லைன் வசதி செய்து கொடுத்திருக்கிறது. முடியாது என்ற வாதத்தை இதற்குப் பிறகு எல்லா விளையாட்டுக்கும் நீட்ட முடியாது.

குடிமக்கள் முன்முயற்சிக்கு ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். சட்டம் கொண்டுவந்தே தீர வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் இதே கோரிக்கை 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதம் வரை போயும், நுகர்வோர் சட்டத்தைத் திருத்தும் திட்டமில்லை என்றே அரசு சொன்னது. இயக்கம் கேட்பது பழைய விளையாட்டுகளுக்குப் பின்னோக்கிப் பாயும் சட்டமும் அல்ல. இனி உருவாகப்போகும் விளையாட்டுகளுக்கு முடிவுக்கால ஏற்பாட்டைத் திட்டமிட நிறுவனங்களுக்கு அவகாசம் உண்டு. அதற்கும் செலவு தாங்காது என்பவர்கள் அந்தச் செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கட்டும்.