எந்தக் கமரா வாங்குவது? கொழும்பின் சரித்திரம் சொல்லும் பதில்

 

எமது பாடசாலை ஊடகக் கழகத்துக்கு ஒரு கமரா வாங்கப் போகிறோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளையும் மூத்தோரின் முகங்களையும் பிள்ளைகள் பதிவு செய்ய வேண்டும் என்பது நோக்கம். ஒரு வாரமாக வட்ஸ்அப் குழுவில் கெனனா, நிக்கொனா, சோனியா என்று ஒரே விவாதம். அதற்கிடையில் நாம் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினோம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் உலகறிந்த படப்பிடிப்பாளர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்ததே அவரது முதல் கமரா. பிறகு 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு பிடிக்கும் பெரிய கமராவுக்கு மாறினார். தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய முன்னர் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். பக்கத்திலேயே இருட்டறையும் ரசாயனமும் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் அந்தக் கமரா வெறும் பெட்டிதான். 1875இல் அவர் இலங்கைக்குக் குடிவந்தார்; 1879இல் இங்கேயே காலமானார். இங்கு அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை மிகச் சில.

அடுத்தவர் நம் கொழும்பின் மகன், லயனல் வெண்ட். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். 1930களில் அவர் கைக்கு வந்தவை லைக்காவும் ரோலிஃப்ளெக்ஸும். பாரமில்லாத ஃபில்ம் கமராக்கள். தோளில் மாட்டிக்கொண்டு மீனவர், உழவர், சாதாரண சனம் இருக்கும் இடத்துக்கே போகலாம். 1938இல் அவரது படங்கள் லண்டனில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

1944 டிசம்பரில் வெண்ட் காலமானார். பின்னர் அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. தாளில் அச்சிட்டு வைத்த படங்களால்தான் இன்று அவரை நாம் அறிகிறோம். நாடகம் பார்க்கப் போகும் லயனல் வெண்ட் அரங்கு அவர் பெயரில் நிற்கிறது.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு எத்தனையோ அயலவரின் குடும்ப அல்பங்களும் சாம்பலாகின. வெள்ளவத்தை நெசவு ஆலை இருந்த காணியில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள். ஆலையைக் கண்ணால் கண்டவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே நாம் எடுத்த முடிவு இது. புதிய பெரிய மொடல் வேண்டாம். பாவித்த கமரா ஒன்று போதும். அதோடு எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று. இருண்ட வீட்டுக் கூடத்தில் ஃப்ளாஷ் அடிக்காமல் எடுக்கலாம், வயதானவர்களின் கண் கூசாது. வாங்க முன்னர் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். கடற்கரை ஊரில் பிராண்டை விட அது முக்கியம்.

மீதிக் காசில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பாடசாலையில், மற்றது வேறொரு வீட்டில். நல்ல படங்களைத் தாளில் அச்சிட்டு, எடுத்த வீட்டுக்கே ஒரு பிரதி கொடுப்போம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய ஸ்டூடியோ படங்கள் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கேயே பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவரின் பெயரையும் சொல்லிவிடுங்கள். முகத்தைக் கமரா காப்பாற்றும். பெயரை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் தொடங்குவோம்.