போர்ட் சன்லைட்: ஒரு தோட்டச் சிற்றூரின் வீட்டுரிமை வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்கே, லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் போர்ட் சன்லைட். பெயரிலுள்ள 'சன்லைட்' கதிரவனின் ஒளியைக் குறிப்பதன்று. தமிழகத்து வீடுகளிலும் துணி வெளுத்த அந்தச் சோப்பையே குறிப்பது. தொழிலாளர்க்கென ஆலை முதலாளிகள் எழுப்பிய தோட்டச் சிற்றூர்களுள் இது தலையாயது. ஆயினும், இவ்வூர் தோன்றிய பின் ஏறத்தாழத் தொண்ணூறாண்டுக் காலம், அங்கு வாழ்ந்த எவரும் தம் வீட்டைத் தமதென்று சொல்லிக்கொள்ள இயலவில்லை. ஊரின் அழகைப் போற்றுவோர் பலரும் இச்செய்தியைக் கடந்து போய்விடுகின்றனர்.

பால்டனில் 1851இல் பிறந்த வில்லியம் ஹெஸ்கெத் லீவர், மளிகை வணிகக் குடும்பத்தவர். 1884இல் 'சன்லைட்' என்னும் பெயரைத் தம் சோப்புக்குச் சூட்டினார். விற்பனை பெருகவே, வாரிங்டனில் வாடகைக்கு எடுத்திருந்த ஆலை போதாதாயிற்று. 1887இல் மெர்சிக் கரையில் 56 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கி, 24 ஏக்கரை ஆலைக்கும் 32 ஏக்கரைக் குடியிருப்புக்கும் ஒதுக்கினார். 1888 மார்ச் 3ஆம் நாள் அவருடைய மனைவி முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டிலேயே கல்கத்தாத் துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்திறங்கின.

காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வரிசை வீடுகளே அக்கால ஆலைத் தொழிலாளியின் உறைவிடம். லீவர் அமைத்ததோ வேறு. 1914 வரையில் எழுந்த ஏறத்தாழ 800 வீடுகளை முப்பதுக்கு அண்மையான கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தனர். ஒரு வரிசையைப் போல் மற்றொன்று இராது. ஓரிடத்தில் கருமரச் சட்டமும் வெண்சுவருமான பழைய ஆங்கில வீடுகள். அடுத்த வளைவில் செங்கல்லில் எழுந்த பிளெமியக் கூரை முகப்புகள். சமையற்கூடமும் மூன்று படுக்கையறைகளும் கொண்டவை ஒரு வகை. அவற்றோடு வரவேற்பறையும் நான்காவது படுக்கையறையும் சேர்ந்தவை மற்றொரு வகை. வீடுகளின் பின்னே காய்கறி பயிரிடுவதற்கான நிலத்துண்டுகள். பள்ளி, உணவுக்கூடம், தேவாலயம், இறுதியில் 1922இல் மனைவியின் நினைவாக ஓர் ஓவியக்கூடம் என ஊர் நிறைந்தது.

இத்தனையும் அறமா, வணிகமா? லீவரே இதை ஈகை என்று சொல்லிக்கொள்ளவில்லை. இலாபத்தைப் பணமாகப் பகிர்ந்தால் அது குடியிலும் விருந்திலும் கரைந்துவிடும். அதைத் தம்மிடமே விட்டுவைத்தால் நல்ல வீடாகவும் நலவாழ்வாகவும் திருப்பித் தருவதாக அவர் வாதிட்டார். தொழிலாளிக்கு எது நல்லது என்பதைத் தொழிலாளியைவிட முதலாளியே அறிவார் என்னும் எண்ணம் இதனுள் உறைந்திருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பதே குடியிருப்பின் அடிப்படை. வேலைநிறுத்தத்தை எண்ணிய தொழிலாளி, தன் பிள்ளைகளின் படுக்கையறையையும் சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. 1909இல் ஊழியர்க்கான கூட்டுரிமைத் திட்டம் வந்த பின்னரும் வீட்டின் நிலை மாறவில்லை. முன்புறத் தோட்டங்களில் சிலர் கோழி வளர்த்தும் வேலியில் துணி உலர்த்தியும் வந்ததால், அவற்றின் பராமரிப்பை நிறுவனமே எடுத்துக்கொண்டது. எனினும், லீவரைக் கொடுங்கோலர் என்றே முடித்துவிடுதல் முறையன்று. மதுவிலக்கு விடுதியாகத் திறக்கப்பட்ட 'பிரிட்ஜ் இன்'னில் மது வேண்டுமா என்பதை அவர் ஊராரின் வாக்குக்கு விட்டார், பெண்களுக்கும் வாக்களித்தார். ஊரார் மதுவையே விரும்பினர், அவரும் இசைந்தார். அவருடைய நிறுவனம் பின்னாளில், 1911 முதல், பெல்ஜியக் காங்கோவில் பனை எண்ணெய்க்காக நடத்திய தோட்டங்களில் கட்டாய உழைப்பு நிலவியதென்பது வரலாறு. அந்த உழைப்பாளிகளுக்குப் போர்ட் சன்லைட் வாய்க்கவில்லை.

அதே காலத்தில் பர்மிங்ஹாம் அருகே சாக்லேட் உற்பத்தியாளர் ஜார்ஜ் காட்பரி 1895 முதல் எழுப்பிய போர்ன்வில் நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அங்கு வீடுகள் தம் ஆலைத் தொழிலாளர்க்கே என அவர் வரையறுக்கவில்லை. முதல் வீடுகளை 999 ஆண்டுக் குத்தகையாக விற்கவும் செய்தார். வாங்கியோருள் சிலர் மிகுந்த இலாபத்துக்கு மறுவிற்பனை செய்யத் தொடங்கவே, 1900இல் ஊரை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். உரிமை கொடுத்தால் வணிகம் நுழைகிறது. கொடாவிட்டால் அடிமைத்தனம் நிழலாடுகிறது. இவ்விரு ஊர்களும் இச்சிக்கலின் இரு முனைகள்.

போர்ட் சன்லைட்டில் மாற்றம் மெல்ல வந்தது. 1980களில்தான், லீவர் நிறுவனத்தின் வழிவந்த யூனிலீவர், வீடுகளை வெளியாருக்கும் விற்கலாயிற்று. 1999இல் ஊரைக் காக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்றும் கணிசமான வீடுகளை அதுவே வாடகைக்கு விடுகிறது.

வாங்கியவருக்குக் கிடைத்ததும் முழுவுரிமையன்று. ஊரின் பெரும்பாலான வீடுகள் 1965 முதல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் அரசுப் பட்டியலில் உள்ளவை. 1978இல் ஊர் முழுவதுமே பாதுகாப்புப் பகுதியாயிற்று. சன்னலையோ கதவையோ மாற்ற உள்ளாட்சியின் இசைவு வேண்டும். இசைவின்றி மாற்றுதல் குற்றம். வீட்டின் தன்மையைப் பாதிக்கும் உட்புற மாற்றங்களும் இதில் அடங்கும். முன்னைய உரிமையாளர் இசைவின்றிப் பொருத்திய நெகிழிச் சன்னலைச் சீர்செய்யும் பொறுப்பும் வாங்கியவர் தலையில் விழலாம் என்பதால், பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அனுமதி ஆவணங்களைத் துருவிப் பார்ப்பது அங்கே இன்றியமையாதது. மரச்சட்டத்துப் பழுதையும் கூரையோட்டையும் அதே முறையில், அதே பொருளால் செப்பனிட வேண்டியிருப்பதால் செலவும் மிகுதி.

ஒரு வேறுபாடு மட்டும் மறுக்கவியலாதது. அன்றைய தடையை விதித்தவர் ஊதியம் தந்த முதலாளி; இன்றைய தடை சட்டத்தின் வழி வருவது, எல்லார்க்கும் பொதுவானது, மேல்முறையீட்டுக்கு உரியது. வேலையை இழந்தவர் அதன் பொருட்டு நிறுவனத்தின் சொல்லால் வெளியேற வேண்டியதில்லை. முன்புறத் தோட்டத்தை மட்டும், லீவர் காலத்தைப் போலவே, வீட்டுக்காரர் அல்லாத பிறரே பேணுகின்றனர். அப்பொறுப்பு இப்போது அறக்கட்டளையுடையது. பின்புறத்தில், அன்று தொழிலாளர் காய்கறி பயிரிட்ட நிலத்துண்டுகளுள் சில கார்க் கொட்டகைகளாகிவிட்டன.