மருதமுனைச் சாறனும் நினைவுப்பொருட் கடையும்

வெளியூர் சென்று மீள்பவர் வெறுங்கையோடு வீடு புகலாகாது என்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். கதிர்காமத்துக்குப் போனவர் திருநீறு கொணர்ந்தார். மக்கா சென்றவர் ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கொணர்ந்தார். யாழ்ப்பாணம் போனவரின் பையில் பனங்கட்டிக் குட்டான் இருந்தது. பொருளைக் கையில் எடுத்தவுடன் அவர் மிதித்து வந்த மண் இன்னதென்று தெரிந்தது. பனங்கட்டிக் குட்டானுக்கு முகவரி எழுதவேண்டிய தேவை எவருக்கும் ஏற்பட்டதில்லை.

அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது. நாம் மாணவரைக் கல்விச் சுற்றுலாவில் கண்டிக்கு அழைத்துச் செல்கையில், திரும்பும் பொழுதில் அவர்கள் மொய்ப்பது நினைவுப்பொருட் கடைகளையே. ஒரு சிறுவன் தன் தங்கைக்கென வாங்கிய சின்னஞ்சிறு யானையைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடியில் ஒட்டியிருந்த தாளில் வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. அதைக் கண்டு சிரித்த மாணவருள் ஒருத்தி கேட்டாள்: “எங்கட ஊர்ச் சாமான் ஒன்றும் இங்க இல்லையே, சேர்?” அவளுடைய ஊர் மருதமுனை. சிறு பெண்ணின் கேள்விதான். ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தால் இந்நாட்டின் பொருளாதார வரலாற்றில் ஒரு நூற்றாண்டையேனும் புரட்டியாக வேண்டும்.

நினைவுப்பொருட் கடையின் தட்டு தானாக அமைந்ததன்று. சுதந்திரத்துக்குப் பின் நாட்டின் முகம் எதுவென்று அயலாருக்குக் காட்டும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது. கைப்பணிப் பொருள்களை விற்பதற்கென 1964 இல் லக்சல தோன்றியது. 1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. கண்டியின் பித்தளை விளக்கு, அம்பலாங்கொடையின் முகமூடி, தும்பறையின் பாய், மலைநாட்டின் தேயிலை, எங்கும் யானை: இவை நாட்டின் அடையாளங்களாயின. இவற்றின் அழகையோ, இவற்றைச் செய்யும் ஏழைக் கைவினைஞரின் திறமையையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தட்டில் கிழக்குக் கரையின் தமிழ் பேசும் முஸ்லிம் நெசவாளனுக்கு என்ன இடம் கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அக்கரையை அறியாதவர்க்குச் சில சொற்கள். மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கும் பாதையில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிமூருமாக ஒன்றையொன்று தோளுரசி நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே ஒடுங்கிய மணற்றரை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டியரசன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. அவர்களுக்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். இங்கே திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். வீடு மகளுக்கு உரியது. ஆதலின் வீட்டோடு சேர்ந்த தறி பெரும்பாலும் பெண்ணின் வளவில் நிற்பதாகும். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனைத் தந்த மருதமுனை, கவிக்கு அறியப்பட்டது போலவே தறிக்கும் அறியப்பட்ட ஊர்.

தறியின் ஓசை வழிப்போக்கர் காதில் விழும் ஒரு வேலை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கைகள் உழைக்கின்றன. கழிகழியாக வரும் நூலை வெளுத்துச் சாயத்தில் தோய்க்க வேண்டும். கம்புகளில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். பாவுக்கு வேறாகவும் ஊடைக்கு வேறாகவும் சுற்ற வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் எத்தனை இழை என்று எண்ணிப் பாவு ஓட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடுக்கிலும் கோக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பின்னரே மிதிபலகையில் கால் வைத்து நாடாவை ஓட்டலாம். நூல் சுற்றும் வேலையில் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் கூடப் பங்குகொள்வர். கூலியோ பலருக்கு நெய்த துண்டின் கணக்கில் கிடைப்பது; நூல் சுற்றிய கைக்குத் தனிக் கணக்கு எழுதப்படுவது அரிது.

துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்ளும் விந்தையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். கோழிக்கோட்டுத் துணி ‘கலிக்கோ’ ஆயிற்று. மோசுல் நகரின் பெயர் மஸ்லினில் நிலைத்தது. நம் நாட்டில் கட்டம்போட்ட சாறனைச் சிங்களத்தில் ‘பலேகட்’ என்பார்கள். சோழமண்டலக் கரையின் பழவேற்காடுதான் அது. 1613 இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி, சுற்றுப்புற ஊர்களில் நெய்த துணியைக் கீழைத்தீவுகளுக்கு ஏற்றினர். அக்கோட்டை இடிந்தது, ஒல்லாந்தர் போயினர், பெயர் மட்டும் நம் சந்தைகளில் இன்றும் கூவி விற்கப்படுகிறது. கடல் கடந்து நானூறு ஆண்டு நிலைத்தது பழவேற்காட்டின் பெயர். மருதமுனையின் பெயரோ கொழும்புக்குச் சென்று சேர்வதற்குள் தொலைந்துவிடுகிறது. மொத்த வியாபாரியின் மூட்டையில் ஏறிய சாறன், நகரத்துக் கடையில் ‘உள்ளூர்க் கைத்தறி’ என்ற பொதுப்பெயரில் விலையாகிறது. வாங்கியவர் அதை லண்டனுக்கோ சிட்னிக்கோ கொண்டுசெல்கிறார். நெய்த ஊர் எதுவென்று அவருக்குத் தெரியாது.

சுதேசப் பொருளுக்காகக் குரல் எழுப்பியவர் நம் நாட்டில் இல்லாமலில்லை. ஆனந்த குமாரசுவாமி முதலியோர் 1905 இல் தொடங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தது. 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட வந்த காந்தியடிகள் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பேசினார். மக்கள் திரண்டனர், பணம் கொடுத்தனர். எனினும் ஆலைத்துணியின் விலையோடு கைத்தறி எப்படிப் போட்டியிடும் என்ற கேள்வி அக்கூட்டங்களோடு தீரவில்லை. நல்லெண்ணம் ஒரு சாறனை விற்கும். ஒரு தொழிலை வாழவைக்க அதைவிடப் பெரிய சக்தி வேண்டும்.

அந்தச் சக்தி சிறிது காலம் கிடைத்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் மேலும் இறுகியது. வெளிநாட்டுத் துணி வராததால் உள்நாட்டுத் துணிக்கு மவுசு வந்தது, தறிகள் பெருகின. அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பாட நாம் தயாரில்லை. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. நூலும் பங்கீட்டிலேயே கிடைத்தது. பங்கீடு இருக்குமிடத்தில் தரகனும் இருப்பான். ஆயினும் நெய்தது விற்றது என்பதை எவரும் மறுக்க முடியாது. 1977 இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு கதவை ஒரேயடியாகத் திறந்தது. மலிவான ஆலைத்துணியும் செயற்கை இழைத் துணியும் வெள்ளமாகப் புகுந்தன. பாதுகாப்பை நம்பித் தறி பூட்டியவரை எவரும் எச்சரிக்கவுமில்லை. மாற்றுத் தொழிலுக்கு வழிகாட்டவுமில்லை. பின்னர் அரபு நாடுகளுக்குக் கப்பலும் விமானமும் ஏறிய கிழக்கின் இளைஞரை எண்ணும்போது, ஓய்ந்துபோன தறிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்நாட்டில் முஸ்லிம் என்றால் வியாபாரி என்ற ஒரு படம் நெடுங்காலமாக வரையப்பட்டு வந்திருக்கிறது. 1915 கலவரத்தில் கடைகளைக் கொளுத்தியவர் மனத்தில் இருந்தது அந்தப் படமே. 2013 மார்ச்சில் பெப்பிலியானையில் முஸ்லிம் ஒருவருக்குரிய துணி நிறுவனத்தின் களஞ்சியம் தாக்கப்பட்டபோதும், 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் உணவில் மலட்டு மாத்திரை என்ற பொய்யைச் சொல்லி உணவகத்தையும் பள்ளிவாசலையும் தாக்கியபோதும், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து “அவர்கள் கடையில் வாங்காதீர்” என்ற பிரசாரம் ஊரூராகப் பரவியபோதும் அதே படந்தான் தூக்கிப் பிடிக்கப்பட்டது. அதில் வயலில் நிற்கும் முஸ்லிம் இல்லை. கரைவலை இழுக்கும் முஸ்லிம் இல்லை. தறிக்குழியில் கால் மிதிக்கும் முஸ்லிம் இல்லை. உழைப்பாளியை வியாபாரியாகக் காட்டிவிட்டால், அவனுடைய பொருளைப் புறக்கணிப்பதும் தேசபக்தியாகத் தோன்றும். இந்நிலையில் சாறனின் ஓரத்தில் ‘மருதமுனை’ என்று எழுதுவது விற்பனையைக் கெடுத்துவிடுமோ என்று ஒருவர் அஞ்சினால், அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்ய முடியாது. பெயர் தொலைந்ததற்கு மொத்த வியாபாரி மட்டும் காரணமல்லன்.

போரின் ஆண்டுகளில் நூல் வருவதும் துணி போவதும் சோதனைச் சாவடிகளின் தயவில் இருந்தன. பின்னர் 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பட்ட துயரை இங்கே விரித்தெழுத மனம் வரவில்லை. கரையோர வளவுகளில் இருந்த தறிகள் வீடுகளோடு போயின. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக் கூடாது என்று முதலில் அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். சில நூறு மீற்றரே அகலமுள்ள குடியிருப்பில் 200 மீற்றரை விலக்கினால் எஞ்சுவது என்ன என்று அவ்விதியை எழுதியவர் எண்ணினரோ, அறியோம். உதவி நிறுவனங்கள் தறிகளைத் தந்தன. தறியைத் தருவது எளிது; துணி விற்கும் சந்தையைத் தருவதே கடினம்.

இப்போது நகரத்து அங்காடிகளில் ‘சூழலுக்கு உகந்தது’ என்ற புதிய முத்திரை வந்திருக்கிறது. கைத்தறி மின்சாரமின்றி ஓடுவது. பருத்தித் துணி மக்கி மண்ணாவது. இவ்வளவும் உண்மை. ஆனால் ஆசிரியரும் மாணவருமாகிய நாம் முத்திரையைக் கண்டு மயங்கலாகாது. நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. சாயம் இரசாயனச் சாயம். நம் கரை மணற்றரை, கிணறுகள் ஆழமற்றவை. சாயத்தொட்டியின் நீரை மண்ணில் விட்டால் அது சென்று சேரும் இடம் அயல்வீட்டுக் கிணறுதான். அந்நீரைத் தேக்கித் தெளியவைக்க வழி செய்வது தனியொரு நெசவாளன் தலையில் சுமத்தத்தக்க செலவன்று. கூட்டுறவுச் சங்கமும் மாநகர சபையும் அதற்குக் கடன்பட்டவை.

சூழலின் பேரால் புகழத்தக்க பொருள் ஒன்று உண்டெனில் அது இக்கரையின் பன்பாய். சதுப்பில் வளரும் பன்னை அறுத்து, உலர்த்தி, சில கீற்றுகளுக்கு நிறமூட்டி, முற்றத்தில் குந்தியிருந்து பெண்கள் பின்னுவது அது. வெளியூர் நூலும் வேண்டாம்; தறியும் வேண்டாம். பிளாஸ்டிக் பாய் மலிவாக வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சதுப்புகளோ மண் நிரப்பப்பட்டுச் சுருங்குகின்றன. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களே கோரைப்பாய் நெய்கின்றனர். 1953 இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அப்பாய் அனுப்பப்பட்டதென்பர். அதைவிட முக்கியமானது, ‘பத்தமடைப் பாய்’ என்ற பெயர் இந்தியாவில் புவிசார் குறியீடாகப் பதிவாகியிருப்பதே. வேறெங்கும் செய்த பாயை அப்பெயரால் விற்பது அங்கே சட்டப்படி குற்றம்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. புவிசார் குறியீடுகளுக்குப் பாதுகாப்புத் தரும் புலமைச் சொத்துச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. இலங்கைக் கறுவாவின் பெயரை 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்தது. கறுவாவுக்குப் பின்னால் ஏற்றுமதியாளர் நின்றனர். சாறனுக்குப் பின்னால் நிற்கக்கூடியவர் நெசவாளரே. அவர்கள் சங்கமாக ஒன்றுபட்டு நின்றாலன்றி அவர்களுக்காக எவரும் மனு எழுதப் போவதில்லை.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியது சிறிதே. ஆனால் இல்லையென்று சொல்லிவிட முடியாது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: நூலிலேயே சாயமேற்றி நெய்தது இருபுறமும் ஒரே நிறமாக இருக்கும், அச்சிட்டதன் பின்புறம் வெளிறியிருக்கும். விசைத்தறித் துணியைக் கைத்தறியினின்று கண்ணால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்தவர்க்கும் எளிதன்று. ஆகவே கடைக்காரரிடம் இது எந்த ஊரில் நெய்தது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்தமுறையும் கேளுங்கள். ஆமையோட்டுச் சீப்பையும் பவளத்துண்டையும் எவர் நீட்டினாலும் கை நீட்டாதீர்கள். ஆமையைக் கொல்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

கோடையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார் பலர் மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக அறுகம் குடாவுக்குச் செல்கின்றனர். அங்கே இறங்கியதும் அவர்கள் வாங்கும் யானை போட்ட காற்சட்டை எந்த நாட்டில் தைத்ததோ, யாரறிவார்? அவர்களுடைய வண்டி வரும் வழியில், மருதமுனைப் பிரதான வீதியின் கடைகளில், சாறன்கள் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வண்டி அங்கே நிற்பதில்லை.