பலர் எழுதிய நூலுக்கு யார் ஆசிரியர்?



ஒருவர் எழுதிய நூலின் முகப்பில் அவர் பெயர் நிற்கும். பல்லாயிரவர் எழுதிய நூலில் எவர் பெயரைப் பொறிப்பது? இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் இவ்வினா எழுந்து விடை கண்ட வரலாற்றை இன்று காண்போம்.

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தோன்றியது. அதில் எவரும் எழுதலாம்; பிறர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. ஆயினும் அவர்கள் தம் பதிப்புரிமையைத் துறந்தவரல்லர். 'எடுத்தாளுக, மாற்றுக, விற்கவும் செய்க. ஆனால் எழுதியவரைக் குறிப்பிடுக. மாற்றியதையும் இவ்வாறே பிறர்க்கு வழங்குக' என்னும் நிபந்தனையோடு தம் எழுத்தை அளித்தனர். இவ்வாறு அளிக்கும் இசைவே உரிமம் எனப்படும்.

முதலில் அவர்கள் மேற்கொண்டது குனூ கட்டற்ற ஆவண உரிமம். அது கணினி நிரல்களுக்குரிய கையேடுகளுக்கென வகுக்கப்பட்டது. ஒருபக்கக் கட்டுரையை அச்சிடினும் உரிம வாசகம் முழுவதையும் உடன் அச்சிட வேண்டும். சிலர் எழுதும் கையேட்டுக்குப் பொருந்திய விதி, பலர் எழுதும் களஞ்சியத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று. 2008இல் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் நிறுவனம் ஜெர்மன் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை ஒரே தொகுதியாக அச்சிட்டபோது, ஏறத்தாழ 90,000 பேரின் பெயர்களைச் சிற்றெழுத்தில் சேர்க்க நேர்ந்தது!

உரிமத்தை மாற்றிவிடலாகாதா எனக் கேட்பீர்கள். உரிமை எழுதியவர் ஒவ்வொருவருக்கும் உரியது. புனைபெயரில் எழுதிய அத்தனை பேரையும் தேடி இசைவு பெறுதல் எங்ஙனம்? நல்வாய்ப்பாக, 'இவ்வுரிமத்தின் பிற்பதிப்பின்படியும் பயன்படுத்தலாம்' என்று தொடக்கத்திலேயே இசைவு பெறப்பட்டிருந்தது. 2008 நவம்பரில் வெளிவந்த பிற்பதிப்பு, வேறோர் உரிமத்துக்கு மாற வழி திறந்தது. 2009 ஏப்ரலில் எழுத்தாளரிடையே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இசைந்தனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் நடைமுறைக்கு வந்தது.

அதன்பின், கட்டுரையின் இணைய முகவரியைச் சுட்டினாலே எழுதியவர்களைச் சுட்டியதாகக் கொள்ளப்படுகிறது. ஏனெனில், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. எவர், எந்நாளில், எச்சொல்லை மாற்றினார் என்பதை அது காட்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்நெறியிலேயே நிற்கிறது.

ஆகவே மாணவர்களே, விலையின்றிக் கிடைப்பது உடையவரின்றிக் கிடப்பதன்று. அங்கிருந்து ஒரு பத்தியை எடுத்தாளும்போது கட்டுரையின் பெயரையும் முகவரியையும் உரிமத்தையும், நீங்கள் செய்த மாற்றத்தையும் குறிப்பிடுங்கள். கைம்மாறு கருதாது எழுதியவர்க்கு நாம் அளிக்கக்கூடிய ஊதியம் அதுவே.