திருத்தணி வந்தது, சத்தியவேடு போனது

சென்ற இதழில் சென்னை நகரம் நம் பக்கம் தங்கிய கதையைப் பார்த்தோம். அந்த மகிழ்ச்சியில் பலரும் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. 1953 அக்டோபர் 1-ம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் ஒரு கிராமம் குறையாமல் அதோடு போய்விட்டது. திருப்பதி, காளத்தி, புத்தூர், நகரி போனதோடு, முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணியும் போனது.

இந்தச் சிக்கலின் வேர் 1911-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி ஆங்கில அரசு வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை வெட்டி எடுத்து, சித்தூர் என்ற புது மாவட்டத்தை உண்டாக்கியது. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த திருத்தணி அதில் அடங்கியது. அப்போது எல்லாமே சென்னை மாகாணம்தான் என்பதால் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாவட்ட நிர்வாகம் தெலுங்கில் நடந்தது. கர்ணம் எழுதிய கணக்கு, பத்திரம், பள்ளிக்கூடப் பாடம் என்று ஒவ்வொன்றாகத் தெலுங்குக்கு மாறின. இரண்டு தலைமுறைக்குள், வீட்டில் தமிழ் பேசியும் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கூட்டம் அந்தக் கிராமங்களில் வளர்ந்திருந்தது.

அதைக் கண்டு பொறுக்காதவர் மங்கலங்கிழார். குருவராயப்பேட்டையில் தமிழ்ச் சங்கம் அமைத்து, ஊர் ஊராக இளைஞர்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அவர். வடக்கெல்லைப் போராட்டத்தின் தலைவர் என்றால் ம.பொ.சி.யின் பெயர்தான் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. ஆனால் ம.பொ.சி. திருத்தணிக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் இருந்ததென்றால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மங்கலங்கிழார் திண்ணைகளில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தது ஒரு பெரிய காரணம். 1953 ஆகஸ்டில், ஆந்திரம் பிரிவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் காலமானார். தான் உழைத்த மண் சென்னையோடு சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பக்கத்தில் நின்றவர் திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகம். தடையை மீறி மறியல், ஊர்வலம், கைது என்று 1953-ம் ஆண்டு முழுக்கத் திருத்தணி கொதித்தது. ம.பொ.சி. சிறை சென்றார். பழனி மாணிக்கம், திருவாலங்காடு கோவிந்தசாமி இருவரும் சிறைப்பட்டு உயிரை விட்டார்கள். எதிர்த் தரப்பின் வேதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு ஐம்பத்தெட்டு நாள் பட்டினி கிடந்து 1952 டிசம்பர் 15-ல் உயிர் துறந்தது இதே சென்னையில்தான். தங்கள் மக்கள் உழைத்து வளர்த்த நகரம் கைநழுவுகிறதே என்ற துயரம் தெலுங்கர்களுக்கும் உண்மையாகவே இருந்தது. அந்தத் துயரத்தைக் கேலி செய்து எழுதப்படும் எந்த எல்லை வரலாறும் முழுமையாகாது.

தீர்வு நடுவர் ஒருவரிடம் போனது. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் நிறைவேறியபோது நேரு அரசில் சட்டத் துறையைக் கவனித்துவந்த எச்.வி.படாஸ்கர்தான் அந்த நடுவர். அவர் வைத்த அளவுகோல் எளிமையானது: தாலுகாவையோ மாவட்டத்தையோ பார்க்காமல் கிராமத்தை அலகாகக் கொள்வது, அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பின்னாளில் வேறு மாநிலத் தகராறுகளிலும் 'படாஸ்கர் சூத்திரம்' என்று எடுத்துக்காட்டப்பட்டது இதுதான். அதன்படி 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்து, 1960 ஏப்ரல் 1-ல் கைமாற்றம் நடந்தது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள், ஏறக்குறைய 400 சதுர மைல். பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு வட்டாரமும், சேலம் மாவட்டத்தின் வடகோடியில் சில கிராமங்களுமாக நூற்றைம்பது கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கோ இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஒரே மண், ஒரே மழை, ஒரே நெசவு, இரண்டு மொழியும் கலந்து பேசும் மக்கள். நடுவில் ஒரு கோடு விழுந்தது. அறுபத்தைந்து ஆண்டுகளில் இரு பக்கத்து வாழ்க்கையும் என்ன ஆயிற்று?

உலகத்தில் இப்படிக் கோடு போட்டுப் பிரித்த இடங்கள் பல உண்டு. 1945-ல் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் ஒரு வரைபடத்தை விரித்து 38-வது அட்சரேகையில் கொரியாவைப் பிளந்தார்கள். ஒரே மொழி பேசிய மக்களின் வாழ்வு எவ்வளவு விலகிப் போனது என்பது எல்லோரும் அறிந்தது. நம் கோட்டில் முள்வேலி கிடையாது. அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் ரயிலேறினால் திருத்தணி, பொன்பாடி தாண்டியதும், பெயர்ப் பலகையே நீண்டுகொண்டு போகிற வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை நிலையம் வரும். மேடையில் டீ விற்பவர் இரு மொழியிலும் கூவுவார். கோடு எங்கே கடந்தது என்று பெட்டியில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் போனால்தான் தெரியும்.

முதலில் பள்ளிக்கூடம். காமராசர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியபோது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. எட்டயபுரத்துக் குழந்தைக்குக் கிடைத்த சோறு திருத்தணிக் குழந்தைக்குக் கிடையாது. 1960-க்குப் பிறகு அந்தத் திட்டம் இங்கேயும் எட்டியது. அன்றே சத்தியவேட்டுக் கிராமங்கள் அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டன. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஆந்திராவில் மாநில அரசு எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்துப் போடத் தொடங்கியது 2003-ல். அதுவும் உச்ச நீதிமன்றம் 2001-ல் எல்லா மாநிலங்களுக்கும் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகு. இரண்டு தலைமுறைக் குழந்தைகளின் பகல் பசியை இந்தக் கோடு தீர்மானித்திருக்கிறது. எல்லைப் போராட்டத்தில் யாரும் 'எங்களுக்கு மதிய உணவு வேண்டும்' என்று முழங்கவில்லை. மொழிக்காகப் போராடினார்கள், கூடவே சோறும் வந்தது.

2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் 84 சதவீதம், சித்தூர் மாவட்டத்தில் 71.5. இந்த எண்களை வைத்து மேடையில் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் ஆவடியும் அம்பத்தூரும் இருந்தன. சென்னையின் புறநகரை வைத்துப் பள்ளிப்பட்டை அளக்கக் கூடாது. சித்தூர்க் கணக்கில் மதனப்பள்ளி, பலமனேரிப் பக்கத்து வறண்ட மேட்டுநிலம் இருந்தது. மாநில அளவில் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை தமிழ்நாட்டில் 19 அளவில், ஆந்திராவில் 30 அளவில். இருபது முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள இளம்பெண்களில் பதினெட்டு நிறையும் முன் மணமானவர்கள் இங்கே நூற்றுக்கு 13 பேர், அங்கே 29 பேர். இந்த 29 என்ற எண் என்னை உலுக்குகிறது. குழந்தைப் பேற்று விகிதமோ இரு மாநிலத்திலும் ஏறக்குறைய சமம். ஆந்திராவில் சற்றுக் குறைவுகூட. இளம் வயதில் மணந்து, சீக்கிரம் பெற்று, சீக்கிரம் நிறுத்திக்கொள்ளும் வாழ்க்கை அது. குடும்பக் கட்டுப்பாடு வெற்றி பெற்றது. அந்தப் பெண் பத்தாம் வகுப்பைத் தாண்டினாளா என்ற கேள்வி நின்றுபோனது.

ஆனால் எல்லா நன்மையும் தெற்கேயிருந்துதான் வந்தது என்று நினைத்தால் அது பொய். கிலோ அரிசி இரண்டு ரூபாய் என்பதை 1983-ல் ஏழைகளுக்கு நடைமுறையாக்கியவர் என்.டி.ராமராவ். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அந்த விலை வந்தது 2006-ல். ஏழைக்குப் பெரிய மருத்துவமனையில் இலவச அறுவைச் சிகிச்சை என்ற ஏற்பாடு ஆந்திராவில் 2007-ல் 'ஆரோக்யஸ்ரீ' என்று தொடங்கியது; கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இங்கே வந்தது 2009-ல். முதியோர் உதவித்தொகை இன்று நகரியில் மாதம் 4,000 ரூபாய், திருத்தணியில் 1,200. பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது இங்கே 2021-ல், அங்கே 2025 ஆகஸ்டில். ஒரு பக்கத்து அரசு செய்ததை மறுபக்கத்துப் பாட்டி சந்தையில் கேள்விப்படுகிறாள். தன் ஊர்ப் பிரதிநிதியிடம் 'அங்கே கொடுக்கிறார்களே' என்கிறாள். எல்லை ஊர்களின் அரசியலில் இந்த ஒப்பீட்டுக்கு இருக்கும் பலத்தை இரு தலைநகரங்களும் இன்னும் சரியாக உணரவில்லை என்பது என் எண்ணம்.

இனி தொழிலுக்கு வருவோம். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது இதுதான்.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை எல்லாம் தறி ஊர்கள். வடக்கே நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூரும் அப்படியே. கோட்டுக்கு இரு பக்கமும் அதே சொந்தம், அதே நூல், அதே மேஸ்திரி. முன்னறையில் இரண்டு விசைத்தறி, பின்னறையில் சமையல். காலையில் தறி ஓடத் தொடங்கினால் வீட்டுக்குள் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். பெண்கள் தார் சுற்றுகிறார்கள், ஆண்கள் அறுந்த பாவு இழையை முடிகிறார்கள். கூலி பீஸ் கணக்கில். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரம் இலவசம்; அது பெரிய கைத்தாங்கல்தான். ஆனால் நூல் விலையும் சேலை விலையும் எங்கோ முடிவாகின்றன. அறுபதாண்டு காலத்தில் பள்ளிப்பட்டு வட்டாரத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய தொழிற்சாலை வரவில்லை. நம் அரசின் தொழிற்பேட்டைகள் கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று சென்னையை ஒட்டியும் நெடுஞ்சாலையை ஒட்டியுமே எழுந்தன. உயிர் கொடுத்து மீட்ட மண், மாவட்டத்தின் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. திருத்தணியில் மின்சார ரயிலேறி தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற இளைஞர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

மறுபக்கம், நாம் கொடுத்த சத்தியவேடு. 1960-ல் அதைப் பெரிய இழப்பாக யாரும் பேசவில்லை. மேட்டுநிலமும் புதர்க்காடும் மானாவாரியுமாக இருந்த பகுதி அது. 2008-ல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 'ஸ்ரீசிட்டி' என்ற தொழில் நகரம் தொடங்கியது. சென்னையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவு. எண்ணூர், சென்னைத் துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரம். இசுசு வண்டி, கெலாக்ஸ், கேட்பரி சாக்லேட், டைகின் ஏசி என்று பன்னாட்டு ஆலைகள் வரிசையாக வந்தன. சென்னை மெட்ரோவில் நாம் ஏறி உட்காரும் முதல் கட்டப் பெட்டிகளில் பெரும்பாலானவை அங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையில் செய்யப்பட்டவை. ஆந்திரம் சென்னையை இழந்தது. சென்னையின் துறைமுகத்தையும் சந்தையையும் பயன்படுத்திக்கொள்ள எல்லையோரத்தில் ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள்.

இதைச் சொல்வதால் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியது வீண் என்று ஆகாது. அவர்கள் கேட்டது தாய்மொழியில் படிக்கவும் மனுக் கொடுக்கவும் உள்ள உரிமை. அது கிடைத்தது. தொழிற்சாலை கொண்டுவர வேண்டியது பிறகு வந்த அரசுகளின் வேலை. அந்தக் கணக்கைத் தியாகிகளின் தலையில் எழுதக் கூடாது.

அவர்கள் கேட்ட அதே உரிமை எல்லோருக்கும் கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி. கிராமத்தை அலகாகக் கொண்டு எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டாலும், ஒவ்வொரு கிராமத்திலும் சிறுபான்மை மிஞ்சும். திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தெலுங்குக் குடும்பங்கள் ஏராளம். திருத்தணியில் 1888-ல் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து மலையேறுபவர்களின் 'அரோகரா' தமிழ் வாயிலிருந்து வருவதா தெலுங்கு வாயிலிருந்து வருவதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் 2006-ல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது எல்லையோரத் தெலுங்குப் பிள்ளைகள் திணறினார்கள். விலக்குக் கேட்டு மொழிச் சிறுபான்மையினர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்பால் நகரி, சத்தியவேட்டில் தமிழ்வழிப் பள்ளிகள் ஆசிரியர் இல்லாமலும் பிள்ளைகள் இல்லாமலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. 1911-க்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை நினைத்து மங்கலங்கிழார் திண்ணையில் உட்கார்ந்தார். அந்த வலி தெரிந்த நாம் பள்ளிப்பட்டின் தெலுங்குப் பள்ளிக்கு ஒழுங்காக ஆசிரியர் போட வேண்டும். அதே மூச்சில், நகரியின் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் போடும்படி அமராவதியைக் கேட்க வேண்டும். இரு முதல்வர்கள் ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் உட்கார்ந்து, இதைவிடக் கடினமான ஒன்றை முடித்திருக்கிறார்கள்.

அந்தக் கிருஷ்ணா நீர் ஒப்பந்தமும், கண்டலேறு முதல் பூண்டி வரை வெட்டிய கால்வாயும் அடுத்த இதழில்.